பதினான்காம் பக்கம்

நர்ஸின் விரல்களை உடைத்தவர்களுக்கு எங்கள் விதிப்புத்தகம் நன்றாகத் தெரிந்திருந்தது. காலைத் தொடவில்லை, இடது கையைத் தொடவில்லை. விடிகாலையில் அவள் கதவைத் திறந்ததும் வாயைப் பொத்தி, வலது கையை மாடிப்படியின் கடைசிப் படியில் வைத்து மிதித்துக்கொண்டு, கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் இரும்புக் குழாயால் அடித்திருந்தார்கள். பேனா பிடிக்கும் மூன்று விரல்கள்.

அந்தக் கையோடு மூன்று மணி நேரம் பேருந்தில் வந்திருக்கிறாள். காலை ஒன்பதே முக்காலுக்கு நாடாளுமன்றத்தின் மூன்றாம் வாசலில் அவளைப் பார்த்தேன். கையை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். துண்டின் பாதி சிவப்பாக இருந்தது. காவலாளியோ அவளிடம் பார்வையாளர் படிவத்தை நீட்டி, "எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அறையலாம் போல இருந்தது.

"அக்கா, லேட்டாயிடுச்சா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

நான் அந்தக் குழுவின் அலுவலர். கூட்டத்துக்கு நாள் குறிப்பது, சாட்சிகளை அழைப்பது, அவர்கள் பேசியதைத் தட்டச்சு செய்ய வைப்பது, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. எங்கள் நாடு சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டுக்குப் போய், மற்ற நாடுகளோடு சேர்ந்து ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தது. இந்த வருஷத்துக்குள் பசி இருக்காது, இந்த வருஷத்துக்குள் எல்லா வீட்டிலும் நல்ல தண்ணீர் வரும், இந்த வருஷத்துக்குள் பிள்ளை பெறப்போய் எந்தப் பெண்ணும் சாகமாட்டாள் என்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுகிறதா என்று பார்க்கத்தான் நாடாளுமன்றம் எங்கள் குழுவை அமைத்தது. முதல் நான்கு வருஷம் உறுப்பினர்கள் வந்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள்.

பிறகு டீச்சர் தலைவரானார். கணக்கு டீச்சராக இருந்து தேர்தலில் ஜெயித்து வந்தவர். அரசாங்கம் வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்த அறிக்கையை மாவட்டம் மாவட்டமாக வாசித்தவர், ஒரு மாவட்டத்தில் வந்து நின்றுவிட்டார். அங்கே போன வருஷம் பிரசவ மரணம் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

"எனக்குப் பூஜ்யம் நல்லாத் தெரியும்மா. முப்பது வருஷம் பசங்க பேப்பர்ல போட்டிருக்கேன். இது அந்தப் பூஜ்யம் இல்ல" என்றார்.

அந்த மாவட்டத்துச் சுகாதார நிலையத்தில் வேலை செய்பவள்தான் நர்ஸ். டீச்சர் பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பைப் பார்த்து, செத்தவர்கள் முப்பத்தொரு பேர், நான் வந்து சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். அந்த மாவட்டத்தின் உறுப்பினரும் எங்கள் குழுவில்தான் இருந்தார். கட்சியில் அவருக்குப் பிரசாரப் பீரங்கி என்று பட்டம். நாங்கள் சுருக்கமாகப் பீரங்கி என்போம். அந்தப் பூஜ்யத்துக்காக அவருடைய மாவட்டத்துக்கு வெளிநாட்டில் விருது கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் மந்திரியாகப் போகிறார் என்று பேச்சு.

அவள் வீடு அவருடைய ஆட்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. நான்தான் சொன்னேன். சாட்சியின் பெயரையும் வசிக்கும் முகவரியையும் முந்தைய நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. பதினெட்டு வருஷமாக ஒட்டுகிறேன். அதுவரை வந்த சாட்சிகள் எல்லாரும் அதிகாரிகள். அவர்கள் வாசலில் காவல் இருக்கும். இவளுக்கும் அதே மாதிரி தெருப்பெயர், வீட்டு எண், 'மாடிப்படிக்கு அடியில் உள்ள பச்சைக் கதவு' என்று அவள் கடிதத்தில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் அழகாகத் தட்டச்சு செய்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தினேன். என் ஒழுங்கைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலுதவி அறை டாக்டர் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நடுவிரலில் எலும்பு வெளியே தெரிந்தது. அவர் விரல்களுக்கு அடியில் அட்டை வைத்துக் கட்டினார். ஊசி போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

"தூக்கம் வந்துரும் டாக்டர். நான் பேசணும்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா."

"நான் ஆஸ்பத்திரிலதான் வேலை பாக்கறேன். அங்க போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். ஐந்து மணிக்கு அவை மணி அடித்தால் எங்கள் குழுவின் அதிகாரமும் அந்தத் தொடருக்கு முடிந்தது. சாட்சி பேசியதை அன்றே தட்டச்சு செய்து, அவள் அதை வாசித்து, ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தில் போட்ட அதே கையெழுத்து. போடும்போது வேறு யாரும் அவள் கையைத் தொடக்கூடாது. அதற்குக் கீழே அன்றைக்கே நான் போட வேண்டும். இரண்டும் இல்லாத பக்கம் வெறும் காகிதம். இந்த விதி குழுவில் இருக்கும் ஒன்பது பேருக்கும் எனக்கும்தான் தெரியும்.

பத்தரைக்கு அவள் பேச ஆரம்பித்தாள். நீளமான மேசை, இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், கோடியில் டீச்சர். பீரங்கி அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவள் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது பெண்களைப் பெயர், ஊர், வயது, செத்த விதம் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். பதிவேட்டில் அவர்கள் எல்லாரும் காய்ச்சல், மஞ்சள்காமாலை, கீழே விழுந்தது என்று இருந்தார்கள். கடைசியாகத் தன் தங்கையிடம் வந்தாள்.

"ரத்தம் நிக்கல மேடம். ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுட்டே இருந்தேன். டாக்டர் போஸ்டை முந்தின வருஷமே எடுத்துட்டாங்க, சாவே இல்லாத ஊருக்கு டாக்டர் எதுக்குன்னு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். டிரைவர் சொன்னாரு, மெம்பரோட கூட்டத்துக்கு நாற்காலி ஏத்தியிருக்கேன், இறக்கிட்டு வரேன்னு. ரெண்டு மணி நேரம். அவ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தா, அப்புறம் கூப்பிடல. என் முழங்கை வரைக்கும் ரத்தம் காஞ்சுபோச்சு. மேலதிகாரி வந்து, காய்ச்சல்னு எழுதுன்னாரு. எழுதினேன். முப்பத்தொண்ணையும் நான்தான் எழுதினேன். இந்தக் கையாலதான்."

பீரங்கி சிரித்தார். "பாவம், தங்கச்சி செத்த துக்கத்துல பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. சாவு எங்க இல்ல? என் வீட்லயும்தான் செத்தாங்க."

"உங்க வீட்டுச் சாவைக் காய்ச்சல்னு எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டார் டீச்சர். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தட்டச்சு முடிந்தபோது மணி நான்கு பத்து. நர்ஸ் அதை வாசித்து முடிக்க இன்னும் அரை மணி ஆனது. மொத்தம் பதினான்கு பக்கம். தங்கையும் நாற்காலி ஏற்றிய ஆம்புலன்ஸும் பதினான்காம் பக்கத்தில் இருந்தார்கள். காகிதக் கட்டை அவள் மேசையில் வைத்ததுதான் தாமதம், பீரங்கி எழுந்து வந்து அதன் மேல் கையை வைத்தார்.

"இதை நான் ஒரு தடவை படிச்சுக்கறேன்."

"உட்காருங்க" என்றார் டீச்சர்.

அவர் உட்காரவில்லை. டீச்சர் எழுந்து போய்க் காகிதத்தின் மறுமுனையைப் பிடித்தார். பீரங்கி கண்ணாடித் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கி டீச்சர் முகத்தில் அடித்தார். ஏதோ ஈ ஓட்டுவது மாதிரி சாதாரணமாக அடித்தார். புருவம் பிளந்து, கண்ணாடித்துண்டும் தண்ணீரும் ரத்தமும் மேசை முழுக்க ஓடின. அறுபத்திரண்டு வயசு மனுஷி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்.

வாசலில் நின்ற அவைக்காவலரை நாங்கள் மலை என்று கூப்பிடுவோம். ஆறரை அடி உயரம். ஆனால் தலைவர் உத்தரவிடாமல் ஓர் உறுப்பினரை அவர் தொடக்கூடாது. மலை கைகளைப் பிசைந்துகொண்டு தரையில் கிடந்த டீச்சரையே பார்த்தார். "மேடம், சொல்லுங்க மேடம்" என்று கெஞ்சினார். டீச்சர் வாய் திறப்பதற்குள் பீரங்கியின் கூட்டாளிகள் இரண்டு பேர் மலையின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினார்கள். ஒருவர் அவர் காதைக் கடித்தார். நாடு முழுவதற்கும் சட்டம் போடுகிறவர்கள்.

நர்ஸ் மட்டும் காகிதங்களின் மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். பீரங்கி அவள் முடியைப் பிடித்து நிமிர்த்தி, அவளுடைய கட்டுப்போட்ட கையை மேசையில் ஓங்கி அடித்தார். அவள் கத்திய கத்தலை நான் இன்னும் கேட்கிறேன். அவர் மறுபடி கையை ஓங்கினார்.

என் பக்கத்தில் குழுவின் முத்திரை இருந்தது. காகிதத்தில் அழுத்திப் பதிக்கும் இரும்பு முத்திரை, நான்கு கிலோ. அதை இரண்டு கையாலும் தூக்கி அவர் மணிக்கட்டில் இறக்கினேன். விறகு முறிகிற சத்தம் கேட்டது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பை எழுதியவளும் நான்தான் என்பதால், முத்திரை கைதவறி விழுந்தது என்று எழுதிவைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

"வெளிய போடு அந்த ஆளை" என்று தரையிலிருந்து டீச்சர் சொன்னார்.

மலை அந்த இரண்டு பேரையும் உதறினார். ஒருவருக்குப் பல் போனது, மற்றவர் அலமாரிக் கதவோடு சேர்ந்து விழுந்தார். பீரங்கியைச் சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை தரையில் இழுத்துக்கொண்டு போனார். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நாற்பத்தாறு.

பல் போனவர் வாயைத் துடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைத் திறந்தார். "இடது கையால போட்டா நான் ஆட்சேபம் பண்ணுவேன். கடிதத்துல இருக்கிற கையெழுத்து வரணும்" என்றார். அவர் சொன்னது சரிதான், விதி அப்படித்தான் இருந்தது.

நர்ஸ் பல்லாலேயே கட்டை அவிழ்த்தாள். அட்டை விழுந்தது. விரல்கள் மூன்றும் கறுத்து, வீங்கி, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தன. பேனாவை எடுத்து அந்த விரல்களுக்கு நடுவே செருகி, ஆள்காட்டி விரலை இடது கையால் மடக்கினாள்.

"தங்கச்சி பக்கத்தை முதல்ல போடும்மா" என்றார் டீச்சர். கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தார். "நேரம் இல்ல. எந்தப் பக்கம் முதல்லன்னு விதி ஒண்ணும் இல்ல."

நர்ஸ் யோசித்தாள். அவள் அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் வந்திருந்தாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அவளுக்கு நான் இருக்கேன் மேடம். திரும்ப வருவேன். இவங்களுக்காக இன்னொரு தடவை யாரு வருவா?" என்று முதல் பக்கத்தை இழுத்துக்கொண்டாள்.

ஒரு கையெழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேனா நழுவியது, எடுத்தாள். மேசையில் வாந்தி எடுத்தாள், காகிதத்தில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் வலி பாதியாகும். தொட்டால் பக்கம் செல்லாது. நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், அவள் முடிக்கும்போதெல்லாம் முன்னால் வந்து கீழே நொடியில் ஒரு கையெழுத்துப் போட்டேன். அத்தனை சுலபமாக எழுதும் என் விரல்களைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

பதின்மூன்றாவது பக்கத்தை அவள் முடித்தபோது மணி அடித்தது. பேனா பதினான்காம் பக்கத்தின் மேல் இருந்தது. பல் போனவர் புத்தகத்தை மூடினார். நர்ஸ் தலையை மேசையில் வைத்தாள்.

அறிக்கை பூஜ்யத்துக்குப் பதிலாக முப்பது என்று வெளிநாட்டுக்குப் போனது. விருதைத் திருப்பிக் கேட்டார்கள். பீரங்கிக்கு மந்திரிப் பதவி இல்லை. அவையில் டீச்சர் தையலோடு எழுந்து நின்று பேசிப் பேசி, அந்தச் சுகாதார நிலையத்துக்கு டாக்டரும் ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியும் வாங்கிக் கொடுத்தார். போலீஸ் மட்டும் நர்ஸ் படியில் வழுக்கி விழுந்ததாக எழுதியது. நாற்காலி ஏற்றிய ஆம்புலன்ஸ் எந்தக் காகிதத்திலும் இல்லை, தங்கை இன்னும் காய்ச்சலில்தான் செத்திருந்தாள்.

ஐந்து வாரம் கழித்து அடுத்த தொடர். பதினான்காம் பக்கத்துக்காக நர்ஸை மறுபடி அழைத்தோம். முகவரி ஒட்டும் விதியை மாற்றச் சொல்லி டீச்சர் கொடுத்த கோரிக்கை இன்னொரு குழுவில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பலகையில் முகவரி ஒட்டத்தான் வேண்டும்.

நான் அவளை மூன்று நாள் முன்பே என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மகளை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு வசிக்கும் முகவரி என்ற இடத்தில் என் வீட்டு எண்ணை, மாடியை, கதவின் நிறத்தை எழுதி, நான்கு மூலையிலும் ஊசி குத்தினேன். ஒரு பொய்யும் இல்லை.

"நம்ம வீட்டு அட்ரஸா போட்ட?" என்றார் என் வீட்டுக்காரர். பஸ் டிரைவர், சாதாரணமாகக் கோபம் வராத மனுஷன். "வீட்டுக்கு ஆள் வராங்கன்னா முன்கூட்டியே சொல்ல மாட்டியா?" காலை ஷிஃப்டுக்கு வயிற்றுவலி என்று டிப்போவுக்குச் சொல்லிவிட்டு, ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ் சமையலறையில் இடது கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா?"

"விருந்தாளிங்க. பின்பக்கப் படில இறங்கு. டீச்சரும் மலையும் வண்டில இருக்காங்க. திரும்பிப் பார்க்காத."

அவள் இறங்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டோம். நான்காவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. மூன்று பேர். என் வீட்டுக்காரர் முதலில் வந்தவனின் முழங்காலை ஜாக்கிக் கம்பியால் உடைத்தார். இரண்டாமவன் அவர் தலையில் குழாயால் அடித்தான், அவர் சுவரில் ரத்தம் இழுத்துக்கொண்டே சரிந்தார். நான் கொதிக்கும் டீயை ஒருவன் முகத்தில் ஊற்றினேன். அதற்கு எனக்கு மேல்வரிசையில் இரண்டு பல் போனது.

"நர்ஸ் எங்கடி?"

நான் வாயிலிருந்த ரத்தத்தை அவன் சட்டையில் துப்பினேன். அவன் போனை எடுத்தான். "இங்க இல்ல சார். ஆபீசரம்மாதான் இருக்கு" என்றான். மறுமுனையில் இருப்பவர் பேசுவதைக் கேட்டான். பிறகு மற்றவனைப் பார்த்து, "இவ கையைப் பிடி. வலது கை" என்றான்.

விதிப்புத்தகம் தெரிந்தவர் மறுமுனையில் இருந்தார். வாசற்படியில் வைத்து அடித்தார்கள். மூன்றே அடி.

ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்தபோது மாலை மணி நான்கு. பக்கத்துக் கட்டிலில் என் வீட்டுக்காரர் தலைக்கட்டோடு, "வயித்துவலி எப்படி இருக்குன்னு டிப்போல கேக்கறாங்க" என்றார். என் காலடியில் டீச்சரும் மலையும் நின்றார்கள். நர்ஸ் என் தலைமாட்டில் இருந்தாள். மடியில் ஓர் அட்டை, அதன் மேல் பதினான்காம் பக்கம். அவளுடைய கையெழுத்து கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுசாக இருந்தது.

"என்னாலதானே அக்கா" என்றாள்.

"உன் கதவு நிறத்தை எழுதினது நான். வாயை மூடு. அட்டையை இங்க வை."

அட்டையை என் வயிற்றின் மேல் வைத்தாள். நான் என் கைக்கட்டைப் பல்லால் இழுத்தேன். பல் குறைந்துபோனதால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. பேனாவை விரல்களுக்கு நடுவே செருகினேன். முதல் எழுத்துக்கே கண் இருட்டியது. இவள் இதைப் பதின்மூன்று தடவை செய்தாள் என்று அப்போதுதான் எனக்கு உண்மையில் தெரிந்தது.

அவள் எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கத்தினேன். அவள் என்னைத் தொடவில்லை. மணி அடிக்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவளுடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு முடித்தேன்.

டீச்சர் காகிதத்தை எடுத்து ஈரம் காய ஊதினார்.

"முப்பத்தொண்ணு" என்றாள் நர்ஸ்.